மேடைக்கும் கமராவுக்கும் ப்ரொப்ஸ் செய்யிறது எப்பிடி: கொழும்பில தொடங்கிறவங்களுக்கு முழு வழிகாட்டி

ப்ரொப்ஸ் எண்டா நாடகத்திலயும் படத்திலயும் நடிகர் பாவிக்கிற சாமான்கள். நான் முதன்முதலா காசு வாங்கி செய்த ப்ரொப் ஒரு வாள். மொரட்டுவையில ஒரு தச்சு பாஸிட்ட மஹோகனிப் பலகை வாங்கி, மூண்டு கிழமை ராவு ராவா செதுக்கி, பிடியில பூ வேலை எல்லாம் போட்டு, பார்த்தவங்க எல்லாரும் ஆ ஊ எண்டாங்க. ராஜாவா நடிச்சவர் ஐம்பது தாண்டின மனுசன். முதல் சீன்ல ஒரு கையால பிடிச்சார், ரெண்டாவதில ரெண்டு கையாலயும் பிடிச்சார், மூண்டாவதில ஊண்டுகோல் மாதிரி நிலத்தில குத்திக்கொண்டு நிண்டு வசனம் பேசினார். சனம் சிரிச்சுது. இடைவேளைக்கு உள்ள வந்து, "தம்பி, வாள் வடிவாத்தான் இருக்கு, ஆனா செய்ய முதல் நீர் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" எண்டார்.

அண்டையில இருந்து எந்த வேலை வந்தாலும் கத்திய எடுக்க முதல் மூண்டு விசயம் கேப்பன். இது யார்ர கையில இருக்கப்போகுது, எவ்வளவு தூரத்தில இருந்து பார்க்கப்போறாங்க, எத்தனை தரம் பாவிக்கப்போறாங்க. கீழ நான் எழுதப்போறது எல்லாம் இந்த மூண்டுக்குள்ளதான் சுத்தும். கைவேலை தெரிஞ்ச பெடியன் பெட்டையள் கொழும்பில எத்தனையோ பேர் இருக்கிறாங்க, விசாக் கூடு கட்டுறவன், கோயில் திருவிழாவுக்கு சோடிக்கிறவன், ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு இல்லம் சோடிச்சவன், இவங்கள்ல யாரும் இந்த வேலைக்கு வரலாம், ஆனா கேள்வி கேக்காதவன் நிண்டு பிடிக்க மாட்டான்.

முதல் வேலை: ஸ்கிரிப்ட்ட மூண்டு தரம் வாசிக்கிறது

முதல் தரம் பேனை இல்லாம கதையா வாசிங்க. ரெண்டாவது தரம் கலர் பேனையால கோடு போடுங்க, எங்கயெல்லாம் ஒரு சாமான் வருதோ அங்கயெல்லாம். மூண்டாவது தரம்தான் முக்கியம், எழுதாததைத் தேடுறது. "அவர் உள்ளே வந்து அமர்கிறார்" எண்டு இருக்கும், வெளியில மழை எண்டு போன பக்கத்தில வசனம் இருக்கும், அப்ப குடை எங்க? குடை இருந்தா அது ஈரமா இருக்கணும், ஈரமா இருந்தா மேடையில தண்ணி சொட்டும், அடுத்த சீன்ல ஆடப்போற பிள்ளை வழுக்கி விழும். இதெல்லாம் ஒருத்தரும் யோசிக்க மாட்டாங்க, நீங்கதான் யோசிக்கணும்.

பிறகு ஒரு கொப்பியில சீன் வாரியா எழுதுங்க. கையில பிடிக்கிற சாமான் தனி, சும்மா மேசையில சுவரில இருக்கிற அலங்காரச் சாமான் தனி, தின்னுற குடிக்கிற கிழிக்கிற உடைக்கிற சாமான் தனி. கடைசி வகைதான் ஆளக் கொல்லும். "அவள் கடிதத்தைக் கிழிக்கிறாள்" எண்டு ஒரே ஒரு வரி. நாடகம் அஞ்சு ஷோ, ட்ரெஸ் ரிகேர்சல் ரெண்டு, டெக்னிக்கல் ஒண்டு, கையில ஸ்பெயார் ரெண்டு, ஆக மொத்தம் பத்துக் கடிதம், பத்தும் ஒரே மாதிரி. படம் எண்டா இன்னும் மோசம், வைட் ஷொட்டில ஒருக்கா, அவள்ட முகத்துக்கு ஒருக்கா, கைக்கு ஒருக்கா, ஒவ்வொண்டுக்கும் நாலஞ்சு டேக். நான் குறைஞ்சது ஒரு டசினோடதான் போவன். அதோட எல்லாக் கடிதமும் ஒரே இடத்தில கிழியணும், இல்லாட்டி எடிட்டிங்கில ஒட்டாது. அதுக்கு ஒரு சின்ன வித்தை, டெய்லர்மார் துணியில அடையாளம் போட உருட்டுற பல்லுச் சில்லு இருக்கே, அத எடுத்து கிழிய வேண்டிய கோட்டில ஒருக்கா உருட்டி விடுங்க, தூரத்துக்குத் தெரியாது, இழுத்தா நேரா கிழியும்.

லிஸ்ட் முடிஞ்சதும் டிரெக்டரோட இருந்து ஒவ்வொண்டா கேளுங்க. கூட கொஸ்டியூம் அக்காவையும் லைட் போடுறவரையும் இருத்துங்க. வாள் தொங்க பெல்ட்டில கொளுக்கி இருக்கா எண்டது அக்காவுக்குத்தான் தெரியும். சிவப்பு லைட்டுக்கு கீழ சிவப்புப் பேனையால எழுதின கடிதம் வெறும் பேப்பரா தெரியும் எண்டது லைட்காரருக்குத் தெரியும். இதெல்லாம் கடைசி நாள் தெரிஞ்சு என்ன பலன்.

தூரம்

மேடைக்கு செய்யிறதும் கமராவுக்கு செய்யிறதும் ரெண்டு தொழில் எண்டே நினைச்சுக்கொள்ளுங்க. லயனல் வென்ட் மாதிரிச் சின்ன அரங்கில முன் வரிசையில இருக்கிறவருக்கு நடிகர்ட நெத்தி வேர்வையே தெரியும், நெலும் பொக்குண மாதிரிப் பெரிய அரங்கில பின்னால இருக்கிறவருக்கு கிரீடமா தொப்பியா எண்டதே சந்தேகம். தூரத்துக்கு செய்யிறப்போ நிழல் விழுற இடத்த பெயின்டிலயே கறுப்பா ஆழமா போடணும், மேடு தெரியிற இடத்த வெள்ளையா தூக்கணும், கிட்ட நிண்டு பார்த்தா பிள்ளையள் கீறினது மாதிரி அசிங்கமா இருக்கும், அது சரிதான். கமராவுக்கு நேர் எதிர்மாறு. பிரஷ் கோடு ஒண்டு தெரிஞ்சாலே போச்சு, பளபளப்பு இருந்தா லைட்டெல்லாம் அதில மின்னும், சின்னச் சின்னக் கோடு போட்ட துணி எண்டா ஸ்கிரீன்ல அலை அலையா ஆடும், வெள்ளைப் பேப்பர் முகத்தில டோர்ச் அடிச்ச மாதிரி வெளுக்கும்.

நான் செய்யிற டெஸ்ட் சிம்பிள். மேடைச் சாமான் எண்டா எங்கட ஒழுங்கை முடியிற இடத்தில, மரீன் டிரைவ் பக்கம், ஒரு மதிலில வைச்சிட்டு காலி ரோட் பக்கம் நடந்து வந்து திரும்பிப் பார்ப்பன். போறவாறவங்க விசரன் எண்டு பார்ப்பாங்க, பழகிட்டுது. கமராச் சாமான் எண்டா போனால கிட்டப் பிடிச்சு வீடியோ எடுத்து டிவியில போட்டுப் பார்ப்பன்.

சாமான் வாங்கப் போற இடங்கள்

ஊருக்குப் புதுசா வந்தவங்க பெரிய ஷொப்பிங் மோல்களில ஆர்ட் சாமான் தேடி காசக் கரியாக்கிறாங்க. புறக்கோட்டைக்குப் போங்க. செருப்பும் பேக்கும் தைக்கிறவங்களுக்கு சாமான் விக்கிற கடைகளில ரப்பர் ஃபோம் ஷீட் கிடைக்கும், வெளிநாட்டு யூடியூப்காரர் ஈவிஏ ஃபோம் எண்டு சொல்லுறது அதேதான், 2 மில்லிமீட்டர்ல இருந்து 10 வரை தடிப்பு தடிப்பா இருக்கும், கடையில போய் "செருப்பு ஷீட்" எண்டு கேட்டாத்தான் விளங்கும். துணிக்கு கெய்சர் வீதி. மூலிகை, குங்கிலியம், மயில்துத்தம் மாதிரி சாமானுக்கு காபோஸ் லேன். மெசின் மாதிரி ஏதாவது செய்யணும் எண்டா பஞ்சிகாவத்தைக்கு போங்க, பழைய வாகனப் பாகங்கள் கூறு கூறா கிடக்கும், ஒரு பழைய கார்புரேட்டரையும் ரெண்டு மீட்டரையும் ஒட்டினா விண்வெளிக் கப்பலே செய்யலாம். போயா அண்டைக்கு போயிடாதீங்க, கனக்கக் கடை பூட்டு.

கடைக்கார நானாமாரோட ரெண்டு வார்த்தை கதைச்சு, என்னத்துக்கு எண்டு சொல்லிக் கேளுங்க. "நாடகத்துக்கா தம்பி" எண்டு சிரிச்சுக்கொண்டு மூலையில கிடக்கிற வெட்டுத் துண்டெல்லாம் அள்ளித் தருவாங்க. எனக்கு அலுமினியத் துண்டுகள் எல்லாம் அப்பிடித்தான் வாறது, ஜன்னல் அடிக்கிற கடை ஒண்டில இருந்து.

ரெஜிஃபோம், அதுதான் டிவிப் பெட்டிக்குள்ள வாற வெள்ளைத் தெர்மோகோல், அதைப் பத்தி தனியா சொல்லணும், ஏனெண்டா எல்லாரும் முதல்ல அதிலதான் கை வைப்பாங்க, முதல்ல அதிலதான் அழுவாங்க. ஸ்பிரே பெயின்ட் நேரா அடிச்சா உருகி ஓட்டை ஓட்டையா போகும். தின்னர் பட்டாலும் அப்பிடித்தான், செருப்புக்கு ஒட்டுற கம் பூசினாலும் அப்பிடித்தான். முதல்ல பைண்டர் கம் எண்ட வெள்ளைப் பசையை தண்ணியில கரைச்சு பழைய துணி, இல்லாட்டி பேப்பர் ரெண்டு பாட்டம் ஒட்டி காயவிட்டுத்தான் மேல என்னவும். வெட்டுறதுக்கு சூடேறின கம்பி நல்லம், நைக்ரோம் கம்பிய 12 வோல்ட்டில போடுங்க, ஒருத்தரும் வீட்டுக் கரண்ட்டில நேரா கொழுவிப் பார்க்காதீங்க, 230 வோல்ட் விளையாட்டுச் சாமான் இல்ல. புகை நல்லதில்ல, பல்கனியில வைச்சு செய்யுங்க. மேடையில நெருப்பு, கற்பூரம், விளக்கு ஏதும் வருதெண்டா அந்தப் பக்கமே ரெஜிஃபோம் போகக்கூடாது.

பேப்பர் கூழ் வேலை மலிவு, பாரமும் இல்ல, முகமூடிக்கும் கிரீடத்துக்கும் அதை விட்டா வேற இல்ல. கோதம்ப மாவுக்கு நாலு பங்கு தண்ணி விட்டு கட்டி விழாம காய்ச்சி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டா பூச்சி அரிக்காது, ஆனா அது நஞ்சு, கையுறை போடுங்க, அந்தச் சட்டியில பிறகு சோறு வடிக்க வேணாம், பிள்ளையள் பாவிக்கிற சாமான் எண்டா துத்தமே போட வேணாம். கொழும்பில பிரச்சினை காயிறது. மே மாசத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து, வெளிய தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம், ஒரு கிழமையில பூஞ்சணம் பிடிச்சு நாறும். ஒரே நாளில ரெண்டு மூண்டு பாட்டத்துக்கு மேல ஒட்டாதீங்க, ஃபேனுக்கு முன்னால தொங்கவிடுங்க.

ஒரு வாள், தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும்

1956 நவம்பர் 3ஆம் திகதி லயனல் வென்ட்டில முதல் தடவை மேடையேறின சரச்சந்திரவின் மனமே எண்ட சிங்கள நாடகத்தில பெரிசா செட் ஒண்டும் இல்ல, ஆனா கதையே ஒரு வாள் யார்ர கைக்குப் போகுது எண்டதிலதான் நிக்குது. அதால வாளையே உதாரணமா எடுக்கிறன்.

முதல்ல மட்டையில அதே அளவுக்கு வெட்டி, பிடிக்கு துணி சுத்தி, ரிகேர்சலுக்குக் குடுத்திடுங்க. ஒரு கிழமை அவர் அதோட ஆடட்டும். நீளம் கூட எண்டா இடுப்பில இருந்து இழுக்கேக்க கை முழுசா நீட்டினாலும் உறையில இருந்து வெளிய வராது, அது மட்டை வாளிலயே தெரிஞ்சிடும். கூத்து எண்டா இன்னும் கவனம், வடமோடிக் கூத்தில போடுற கரப்புடுப்பு எண்ட உடுப்பு இடுப்பைச் சுத்தி அகலமா நிக்கும், வாள் இடுப்பில தொங்கினா உடுப்பில சிக்கும்.

அளவு சரி எண்டதும் ஒரு இஞ்ச் அகல அலுமினியத் தகட்டுப் பட்டையை உள் எலும்பா வையுங்க. பட்டை பிடிக்குள்ள முழு நீளமும் போகணும், பாதியில நிப்பாட்டினா அந்த இடத்தில கழுத்து முறிஞ்சு வாள் பறக்கும், பறந்து முன் வரிசையில விழும். 5 மில்லிமீட்டர் செருப்பு ஷீட்டில ரெண்டு பக்கத்துக்கும் வாள் வடிவம் வெட்டுங்க, நுனிய மொட்டையா விடுங்க. கட்டர் பிளேட் புதுசா இருக்கணும், நாலு வெட்டுக்கு ஒருக்கா நுனிய முறிச்சு விடுங்க, மொட்டைக் கத்தி ஷீட்டைக் கடிச்ச மாதிரி வெட்டும். ஷீட்லயும் பட்டையிலயும் ரெண்டு பக்கமும் கம் பூசி, விரலால தொட்டா ஒட்டாத அளவுக்கு, பத்துப் பதினஞ்சு நிமிசம் விட்டுப் பிறகு ஒரு முனையில இருந்து மெதுவா படிய வைச்சு அமத்துங்க. ஈரத்தோட ஒட்டினா நாளைக்கு கழண்டு வரும். காஞ்ச பிறகு ஒட்டினா பிடிச்ச பிடிதான், வளைஞ்சு ஒட்டினா வளைஞ்சபடிதான், நான் இப்பவும் அந்த நேரத்தில மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிப்பன்.

பிறகு விளிம்ப சரிவா சீவுங்க, கத்திய சாய்ச்சு ஒரே இழுவையில. சின்ன மேடு பள்ளம் இருந்தா உப்புத்தாள் போடுங்க. ஹீட் கன்னால சுத்திவர சூடு காட்டினா மேல் தோல் இறுகி லேசா மினுங்கும், பெயின்ட்ட உறிஞ்சாது. ஹீட் கன் இல்லாட்டி முடி காயவைக்கிற ட்ரையர் காணாது, கூட்டாளி ஆரிட்டயாவது இரவல் வாங்குங்க. அதுக்கு மேல தண்ணி கலந்த பைண்டர் கம் மூண்டு பாட்டம், ஒவ்வொண்டும் காஞ்ச பிறகு. அடியில முழுக்க மினுங்காத மட் கறுப்பு. கறுப்பு காஞ்சதும் சில்வர் பெயின்ட்ட பிரஷ்ல தொட்டு, பேப்பர்ல துடைச்சு துடைச்சு பிரஷ் வறண்டு போனதும் வாள் மேல லேசா தேயுங்க. மேட்டில மட்டும் வெள்ளி ஏறும், குழியில கறுப்பு நிக்கும், அப்பதான் இரும்பு எண்டு கண் நம்பும். ஒரே அடியா சில்வர் அடிச்ச வாள் பிறந்தநாள் வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.

பிடிக்கு பருத்தி நூல்க் கயிறு இறுக்கமா சுத்துங்க, வேர்வைக் கை வழுக்காது. நைலோன் வேணாம்.

முடிஞ்சதும் நடிகரிட்ட குடுக்க முதல் நீங்களே ஐம்பது தரம் வீசுங்க, தோள் உயரத்தில இருந்து சீமெந்து நிலத்தில போடுங்க. உடையிறதெண்டா உங்கட வீட்டில உடையட்டும். ஒரு விசயம், ரப்பர் வாள் மோதினா சத்தம் வராது, "டொப்" எண்டும். வாள் சண்டை இருக்கெண்டா சத்தத்துக்கு ஆள் போடச் சொல்லுங்க, இல்லாட்டி சண்டைக்கு மட்டும் விளிம்பு மழுக்கின வெறும் அலுமினிய வாள் ஒரு சோடி தனியா செய்யுங்க, அதை சண்டை பழகினவங்களைத் தவிர ஒருத்தரும் தொடக்கூடாது.

பேப்பர் சாமான்

இந்த வேலையில எனக்கு ஆகப் பிடிச்சது கடிதம், பேப்பர், ரிசீட்டு, போர்டு, இந்த எழுத்து வேலையள்தான். ஆக லேசு எண்டு எல்லாரும் நினைக்கிறதும் இதத்தான்.

பேப்பரை பழசாக்க பிளேன்டீ போதும். சாயம் கடுமையா ஊத்தி ஆறவிட்டு, தட்டையான தட்டில பேப்பரை ஒரு நிமிசம் கிடத்தி எடுத்து துணிக்கு மேல காயப் போடுங்க. இன்க்ஜெட் பிரிண்ட் எடுத்த பேப்பரை தேத்தண்ணியில போட்டா எழுத்தெல்லாம் அழுதுவிடும், லேசர் பிரிண்டோ ஃபோட்டோ கொப்பியோ எண்டா ஒண்டும் ஆகாது. போல்பொயின்ட் எழுத்து நிக்கும், மை பேனை ஓடும், மை பேனை வேணுமெண்டா சாயம் காஞ்ச பிறகு எழுதுங்க. காஞ்சதும் மடிப்புகளை பத்து இருபது தரம் மடிச்சு விரிச்சு, மடிப்பு மூலையில லேசா உரஞ்சி ஓட்டை விழப் பண்ணுங்க, பொக்கெற்றில வருசக்கணக்கா கிடந்த கடிதம் அப்பிடித்தான் இருக்கும். தேத்தண்ணி குடிச்ச பேப்பர் மொறுமொறு எண்டு சத்தம் போடும், நடிகர்ட நெஞ்சில மைக் இருந்தா ஹோல் முழுக்க கேக்கும், அப்ப ஒரு கிழமை தலகாணிக்கு கீழ வைச்சு நசுக்குங்க.

உள்ள என்ன எழுதிறது? மேடைக்கு எண்டா அந்த சீன்ல அவர் வாசிக்கிற வசனத்தையே பெரிய எழுத்தில எழுதிக் குடுங்க, மறந்தாலும் பார்த்து வாசிக்கலாம், எத்தனை பேர் எனக்கு அதுக்காக பிளேன்டீ வாங்கித் தந்திருக்கிறாங்க. கமராவுக்கு எண்டா சும்மா கிறுக்காதீங்க, இப்ப சனம் நிப்பாட்டி வைச்சு சூம் பண்ணி வாசிக்குது.

காலம் பிழைச்சா மானம் போகும். 1972 மே 22ஆம் திகதிதான் சிலோன் எண்ட பேர் ஸ்ரீ லங்கா ஆனது, அதுக்கு முந்தின கதையில முத்திரையிலயும் கடிதத் தலைப்பிலயும் ஸ்ரீ லங்கா எண்டு வரக்கூடாது, தமிழில இலங்கை எண்டது மட்டும் ரெண்டு காலத்துக்கும் பொருந்தும், எங்களுக்கு அந்த ஒரு வசதி. அடையாள அட்டை இலக்கம் 2016ல இருந்துதான் 12 இலக்கம், அதுக்கு முதல் 9 இலக்கமும் ஒரு எழுத்தும். தொண்ணூறுகளில நடக்கிற கதையில காசுக் கட்டு காட்டினா 1000 ரூபாதான் பெரிய தாள், 5000 தாள் அப்ப பிறக்கவே இல்ல. அறுபதுகளில அச்சடிச்ச தமிழ்ப் பேப்பர் எண்டா இன்னொரு பொறி இருக்கு, லை, ளை, ணை, னை எல்லாம் அப்ப யானைத் தும்பிக்கை வைச்ச பழைய எழுத்து, தமிழ்நாட்டு அரசு 1978ல எழுத்தைச் சீர்திருத்தின பிறகுதான் இப்ப நாங்க எழுதுற வடிவம் பரவினது. கம்பியூட்டர்ல இருக்கிற சாதாரண ஃபொன்ட்ல அடிச்சு "1962" எண்டு திகதி போட்டா வயசு போனவர் ஒருத்தர் உடனே பிடிப்பார். வீரகேசரி 1930ல இருந்து, தினகரன் 1932ல இருந்து வருது, ஆனா உண்மைப் பத்திரிகையின்ர தலைப்பைப் போடுறதெண்டா எழுத்தில அனுமதி வேணும், நான் எப்பவும் இல்லாத பேர் ஒண்டு வைச்சிடுவன்.

தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இங்க ஒரு தனி மார்க்கெட் இருக்கு எண்டதையும் சொல்லணும். சிங்கள டெலிடிராமாவில ஒரு வெள்ளவத்தைக் கடை, ஒரு யாழ்ப்பாண பஸ், ஒரு ஆஸ்பத்திரி போர்டு காட்டுவாங்க, தமிழ் எழுத்து எல்லாம் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா கிடக்கும். ஒரு செட்டுக்கு நான் போனப்போ "மருந்தகம்" எண்ட போர்டு "மருநதகம" எண்டு புள்ளியே இல்லாம நிண்டுது. "அய்யே, இதை இப்பிடி விட்டா தமிழ் ஆக்கள் சிரிப்பாங்க" எண்டு சிங்களத்தில சொல்லி, அங்கயே கறுப்புப் பெயின்ட் வாங்கி ரெண்டு புள்ளி வைச்சன். அந்த ரெண்டு புள்ளிக்குப் பிறகு அந்த ஆர்ட் டிரெக்டர் தமிழ் போர்டு எது வந்தாலும் எனக்குத்தான் கோல் எடுக்கிறார்.

உடையிற போத்தல், ரத்தம், சாராயம்

தலையில அடிக்கிற போத்தல் ஒருக்காலும் உண்மைப் போத்தலா இருக்கக்கூடாது, மெல்லிசா இருந்தாலும், நடிகர் தைரியசாலியா இருந்தாலும். சீனிக் கண்ணாடிதான். மூண்டு கப் சீனி, ஒரு கப் லிக்விட் குளுக்கோஸ், ஒண்டரை ரெண்டு கப் தண்ணி, கிளறாம கொதிக்க விட்டு, 150 பாகை வரை ஏத்தி, அச்சில ஊத்துறது. தெர்மோமீட்டர் இல்லாம செய்யாதீங்க, குறைஞ்சா ரப்பர் மாதிரி இழுபடும், கூடினா கருகி மஞ்சளாகும். அந்தப் பாகு தோலில பட்டா ஒட்டிக்கொண்டு எரிக்கும், பக்கத்தில ஒரு பேசின்ல தண்ணி வைச்சுக்கொள்ளுங்க, பிள்ளையள குசினிப் பக்கம் விடாதீங்க.

புத்தகத்தில சொல்லாதது கொழும்புக் காத்து. ஒருக்கா நாலு போத்தல் வடிவா செய்து, கிறீன் ரூமில மேசையில நிக்க வைச்சிட்டு பிளேன்டீ குடிக்கப் போனன். ஜூன் மாசம், வெளிய மழை, ஏசி வேலை செய்யேல்ல. முக்கால் மணித்தியாலத்தில வந்து பார்த்தா நாலும் கூனி, தோளில கை போட்டு நிக்கிற குடிகாரர் மாதிரி ஒண்டில ஒண்டு சாஞ்சு ஒட்டிக்கொண்டு நிக்குது. இப்ப ஒவ்வொண்டையும் தனித்தனியா பொலித்தீன்ல சுத்தி, புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா ஜெல் பக்கெற் போட்டு, காத்துப் புகாத டப்பாவில வைச்சு, சீனுக்கு அஞ்சு நிமிசத்துக்கு முதல்தான் எடுப்பன். கையில காசு இருந்தா சீனிக்குப் பதிலா ஐசோமோல்ட் பாவியுங்க, அது ஈரத்த அவ்வளவு இழுக்காது. அடிக்கிறவர் அடிக்கிற இடத்தையும், அடி வாங்கிறவர் கண் மூடுறதையும் பல தரம் பழகியிருக்கணும்.

ரத்தத்துக்கு லிக்விட் குளுக்கோஸ்ல சிவப்புச் சாப்பாட்டுக் கலர், அதோட ஒரு துளி நீலம், கொஞ்சம் கொக்கோ. வெறும் சிவப்பு எண்டா ஐஸ்கிரீம் கடை சிரப். கொக்கோவுக்குப் பதிலா கித்துள் பாணி விட்டுப் பார்த்தன், நிறம் அந்த மாதிரி, ஆனா செத்தவராக் கிடந்த நடிகரை எறும்பு மொய்ச்சு, செத்தவர் எழும்பி ஓடிட்டார். வெள்ளைச் சட்டையில ஊத்த முதல் அதே துணியில ஒரு துண்டில ஊத்தி கழுவிப் பாருங்க, கொஸ்டியூம் அக்காவோட சண்டை வராது.

சாராயத்துக்கு பிளேன்டீ, பியருக்கு இஞ்சி பியர். டிவிக்கு எண்டா போத்தல் லேபலுக்கு மெனக்கெடாதீங்க, 2006ஆம் ஆண்டு புகையிலை மதுசாரச் சட்டம் வந்த பிறகு இங்க டிவியில சிகரெட்டும் போத்தலும் வந்தா மங்கலாக்கித்தான் போடுறாங்க, நீங்க ராவு முழுக்க கீறின லேபல் ஒரு புகைக் குமிழா போகும்.

பொலிஸ், துவக்கு, காசுத் தாள்

இதில விளையாடாதீங்க. மரத்தில ஒரு டி-56 துவக்கு செய்தன், சரியான வடிவு. அதை உரப் பையில சுத்தி திரீவீல்ல கொண்டு போனன், குழல் கொஞ்சம் வெளிய நீட்டிக்கொண்டு இருந்தது. செக்கிங்கில நிப்பாட்டினாங்க. மரம் எண்டு தட்டிக் காட்டினாலும், ஆர் ஒர்டர் பண்ணினது, எங்க ஷூட்டிங், கடிதம் எங்க எண்டு ரெண்டு மணித்தியாலம். திரீவீல்க்கார அண்ணா மீட்டரை நிப்பாட்டவே இல்ல. அவங்களில பிழை சொல்ல ஏலாது, இந்த ஊர் பார்த்ததுக்கு அவங்க நிப்பாட்டாட்டித்தான் பிழை.

அதால துவக்கு மாதிரி எது எண்டாலும் பூட்டின பெட்டிக்குள்ள, தயாரிப்பாளர்ட கையெழுத்து வைச்ச கடிதம், அதில சீன் விபரமும் இடமும் திகதியும், உங்கட அடையாள அட்டைக் கொப்பியும் சேர்த்து. வெளி இடத்தில ஷூட்டிங் எண்டா அந்த ஏரியா பொலிஸுக்கு முதலே எழுத்தில அறிவிக்கச் சொல்லுங்க, பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்க. பொலிஸ், ஆமி யூனிஃபோமும் அப்பிடித்தான், அனுமதி எடுத்த பிறகுதான் தைக்கணும், சீன் முடிஞ்ச கையோட கழட்டி எண்ணி வாங்கணும். காசுத் தாளை அப்பிடியே பிரிண்ட் அடிக்கிறது குற்றம், மத்திய வங்கி அனுமதி இல்லாம தொடாதீங்க. கட்டுக்கு மேல ஒரு உண்மைத் தாள், அடியில ஒண்டு, நடுவில அதே அளவு வெட்டின வெறும் பேப்பர், ரப்பர் பாண்ட், முடிஞ்சுது. அந்த ரெண்டு உண்மைத் தாளையும் தயாரிப்புக் காசில எடுத்து, கையெழுத்து வாங்கிக் குடுத்து, கையெழுத்து வாங்கி எடுங்க. அடையாள அட்டையும் உண்மை மாதிரியே செய்யாதீங்க, தூரத்தில இருந்து அந்த நிறமும் லமினேற்றும் தெரிஞ்சா காணும்.

ஷோ நாள்

மேடைக்குப் பக்கத்தில ஒரு மேசை, அதுக்கு மேல வெள்ளை மட்டை, மாஸ்கிங் டேப்பால கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்திலயும் சாமான்ட பேர், சீன் நம்பர், யார் எடுக்கிறது. வெறும் கட்டம் தெரிஞ்சா சாமான் வெளிய நிக்குது எண்டு ஒரு பார்வையில தெரியும். இருட்டில தெரிய மங்கல் நீல லைட் ஒண்டு. மேசையைப் பற்றி ஒரே ஒரு சட்டம், உங்கட சாமானை நீங்கதான் எடுக்கணும், நீங்கதான் வைக்கணும், மற்றவன்ட சாமானைத் தொடக்கூடாது, பெரிய நடிகரா இருந்தாலும். கதவு திறக்க அரை மணித்தியாலத்துக்கு முதல் லிஸ்ட்டோட நிண்டு ஒவ்வொண்டா தொட்டுத் தொட்டு எண்ணுங்க, கண்ணால பார்த்து எண்ணினா பிழைக்கும். பையில கம், டேப், ஊசி நூல், சேஃப்டி பின், கட்டர், மீன்பிடி நரம்பு எப்பவும்.

ஷூட்டிங்கில மேசை முக்கியமில்ல, போட்டோதான் முக்கியம். ஒவ்வொரு ஷொட் முடியவும் போனால படம் எடுங்க, கிளாஸில தேத்தண்ணி எவ்வளவு, கடிதம் எந்தக் கையில, பேனை மூடியோடயா மூடி இல்லாமலா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து எல்லாரும் உங்களத்தான் கேப்பாங்க.

காசு

விளம்பர ஷூட்டிங் காசு தரும், நேரம் தராது, இண்டைக்கு சொல்லி நாளைக்கு விடிய வேணும் எண்பாங்க. டெலிடிராமா நாள் சம்பளம், எபிசோட் கூடக்கூட அவங்க தர வேண்டிய பாக்கி கூடும். மேடை நாடகம் காசு குறைவு, ஆனா கை பழகிறது அங்கதான், ஆக்கள் அறிமுகமாகிறதும் அங்கதான். பேச்சில வேலை எடுக்காதீங்க, வட்ஸப் மெசேஜ் எண்டாலும் எழுத்தில எடுங்க: என்ன சாமான், எத்தனை, எப்ப, யார் கொண்டு போறது, திருத்தம் சொன்னா எத்தனை தரம் இலவசம், முடிஞ்ச பிறகு சாமான் யாருக்கு. சாமான் வாங்கிற காசு முழுசும் முற்பணமா, கைக்கூலியில பாதியும் முதல்லயே. நான் ஒரு தரம் தெரிஞ்ச ஆக்கள்தானே எண்டு முற்பணம் இல்லாம ஒரு முழுக் கோயில் சப்பரம் செய்து குடுத்தன், பேர் சொல்லேல்ல, இண்டைக்கும் "அடுத்த கிழமை அண்ணா" எண்டுதான் பதில். புறக்கோட்டைக் கடைகளில கேட்டாத்தான் பில் எழுதித் தருவாங்க, கேளுங்க, துண்டுப் பேப்பர்ல எண்டாலும் கடை முத்திரையோட வாங்குங்க, இல்லாட்டி எக்கவுன்டன்ட் உங்கட கைக்காசிலதான் கழிப்பார்.

விலை சொல்லேக்க நேரத்தை கணக்கில சேருங்க. புறக்கோட்டைக்கு ரெண்டு தரம் போய் வந்த அரை நாள், காய விட்ட ஃபேன் கரண்ட், கட்டர் பிளேட், திரீவீல் காசு, எல்லாம் காசுதான். புதுசா வாற பெடியங்க மெட்டீரியல் காசுக்கு மேல ஒரு தொகை குத்துமதிப்பா போட்டு வாங்கிட்டு, கடைசியில பார்த்தா கூலி வேலைக்குப் போறவன்ட நாள் சம்பளத்தில பாதிதான் மிஞ்சும்.

முடிஞ்ச பிறகு

கடைசி ஷோ முடிய எல்லாரும் போட்டோ எடுக்கவும் சாப்பிடவும் போவாங்க, நீங்க நிண்டு லிஸ்ட்டைத் திரும்ப எண்ணுங்க, அந்த ராத்திரியிலதான் சாமான் ஞாபகப் பொருளா வீட்டுக்குப் போறது. இரவல் வாங்கினது, பாட்டி வீட்டு வெத்திலைத் தட்டம், கோயில்ல கேட்டு எடுத்த சங்கு, அடுத்த நாளே துடைச்சுக் கொண்டு போய்க் குடுங்க, பிந்தினா அடுத்த முறை கதவு திறக்காது. சீனிப் போத்தல் மிஞ்சினதை குப்பையில போடுங்க, வீட்டில வைச்சா எறும்பு. வாளைத் துடைச்சு, பிடிக் கயிறைக் காயவிட்டு, படுக்க வைச்சு வையுங்க, சுவரில சாத்தினா ஷீட் வளையும். பேப்பர் கூழ்ச் சாமான் பெட்டிய நிலத்தில வைக்காம ரெண்டு செங்கல்லுக்கு மேல வையுங்க, எங்கட பக்கம் மழைத் தண்ணி எப்ப உள்ள வரும் எண்டு சொல்ல ஏலாது. பெட்டிக்கு வெளிய நாடகத்தின்ர பேரை எழுதாதீங்க, உள்ள இருக்கிற சாமான்ட பேரை எழுதுங்க, ரெண்டு வருசம் கழிச்சு ராவு பத்து மணிக்கு ஒருத்தர் "அண்ணா ஒரு கிரீடம் இருக்கா" எண்டு கோல் எடுப்பார்.